எதிரி வீட்டுக்குத் தபாலில் போன பத்திரிகை

சோவியத் அரசு அமெரிக்கர்களுக்காக நடத்திய 'சோவியத் லைஃப்' பத்திரிகையின் பழைய இதழ் எங்காவது கையில் கிடைத்தால், அட்டையில் சிரிக்கும் பாலே நடனக்காரியையும் விண்வெளி வீரரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஆசிரியர் குழு விவரம் போட்டிருக்கும் மூலைக்குப் போய், அங்கே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். அமெரிக்க அரசும் சோவியத் அரசும் செய்துகொண்ட பரஸ்பர ஒப்பந்தத்தின்படி இந்தப் பத்திரிகை வெளியாகிறது; அதன்படி இது அமெரிக்காவிலும், 'அமேரிகா' என்ற பத்திரிகை சோவியத் யூனியனிலும் விநியோகமாகும். இவ்வளவுதான் அந்தக் குறிப்பின் சாரம்.

ஒருவர் நகரத்தை ஒருவர் அணுகுண்டால் குறிவைத்திருந்த காலம் அது. அப்படிப்பட்ட இரண்டு அரசுகள், உன் பத்திரிகையை என் ஊர்க் கடையில் தொங்கவிடுகிறேன், என்னுடையதை நீ தொங்கவிடு என்று பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. எதற்காக? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் 'பண்பாட்டு ராஜதந்திரம்' என்ற பெரிய பெயருக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

சாதாரண ராஜதந்திரத்தில் ஒரு நாட்டின் தூதர் இன்னொரு நாட்டின் அமைச்சரிடம் பேசுகிறார். பண்பாட்டு ராஜதந்திரத்தில் ஒரு நாட்டின் அரசு, இன்னொரு நாட்டின் பள்ளிக்கூட ஆசிரியையிடமும் என்ஜினீயரிடமும் கல்லூரி மாணவனிடமும் நேராகப் பேசப் பார்க்கிறது. தூதர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதனால் நடனக் குழுவை அனுப்புகிறார்கள், கண்காட்சி போடுகிறார்கள், மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள், பத்திரிகை அச்சடிக்கிறார்கள். இவற்றில் பத்திரிகைக்கு ஒரு தனி வசதி உண்டு. நடனக் குழு பத்து நாளில் ஊர் திரும்பிவிடும். பத்திரிகை வருஷக்கணக்கில் மேஜைமேல் கிடக்கும், பக்கத்து வீட்டுக்குப் போய் வரும், கிழிந்த பிறகும் ஒரு படம் சுவரில் ஒட்டியிருக்கும்.

இது பிரசாரம்தானே என்று கேட்டால், ஆமாம், பிரசாரம்தான். ஆனால் பெயரும் முகவரியும் போட்டுச் செய்யும் பிரசாரம். இதற்கு எதிர்வகையும் உண்டு. லண்டனில் 1953 முதல் வெளிவந்த 'என்கவுன்ட்டர்' என்ற இலக்கியப் பத்திரிகைக்குப் பின்னால் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் பணம் இருந்தது 1967-ல் அம்பலமானது. ஆசிரியர்களில் ஒருவராக இருந்த கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் விலகிப் போனார். மறைத்துக் கொடுத்த பணம் வெளியே வந்ததும் அதுவரை அதில் வந்த நல்ல கட்டுரைகள்மேலும் சந்தேகம் படிந்தது. 'அமேரிகா'வுக்கும் 'சோவியத் லைஃப்'புக்கும் அந்த ஆபத்து இல்லை. யார் அச்சடிப்பது, யார் பணம் என்பது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்.

கதை குளிர்யுத்தத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு எதிராக மாஸ்கோவும் லண்டனும் வாஷிங்டனும் ஒரே அணி. அந்த நட்பின் சூட்டில் 1942-ல் பிரிட்டன் மாஸ்கோவிலேயே ரஷ்ய மொழியில் ஒரு வார ஏடு தொடங்கியது. பெயர் 'பிரிட்டிஷ் நேசநாடு' என்ற பொருளில். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆவரெல் ஹாரிமன் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று முயன்றார். 1944-ல் 'அமேரிகா' வந்தது. (அமெரிக்கா என்பதன் ரஷ்ய உச்சரிப்பே அந்தப் பெயர். நாட்டோடு குழம்பாமலிருக்க இங்கே அப்படியே எழுதுகிறேன்.) ஆரம்பத்தில் 10,000 பிரதிகள், போர் முடிந்தபின் 50,000. பெரிய அளவு, வழவழப்பான கனத்த தாள், பக்கம் முழுக்கப் படங்கள். அன்றைக்கு அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த 'லைஃப்' பத்திரிகைதான் அதற்கு முன்மாதிரி.

போரில் சிதைந்து ரொட்டிக்கே வரிசையில் நின்ற நாட்டில் அந்தத் தாள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே கட்டுரை என்ன சொன்னது என்பது இரண்டாம் பட்சம். தொட்டுப் பார்த்த உடனேயே பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, நட்பு முறிந்ததும் என்ன ஆயிற்று? 1947 வாக்கில் வெளிநாட்டுத் தொடர்பு என்றாலே சோவியத் ஒன்றியத்தில் சந்தேகம். பிரிட்டனின் வார ஏட்டுக்கு ஒரு விநோதமான அடி விழுந்தது. அதன் ஆசிரியர் ஆர்ச்சிபால்டு ஜான்ஸ்டன் 1949-ல் பதவியை உதறிவிட்டு, சோவியத் பக்கமே சேர்ந்துகொள்வதாக அறிவித்தார். சோவியத் மக்களின் மனத்தைத் தொடுவதற்காக நடத்திய பத்திரிகை முதலில் தொட்டது தன் ஆசிரியரின் மனத்தை. அடுத்த வருஷம் ஏடு நின்றுபோனது.

'அமேரிகா'வை மூடியது வேறொரு வழி. அதைப் புரிந்துகொள்ள, பத்திரிகை ஏஜெண்டுகள் 'ரிட்டர்ன்' என்று சொல்வார்களே, விற்காமல் திரும்பி வரும் பிரதிகள், அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சோவியத் நாட்டில் பத்திரிகை விற்கும் கடைகள் எல்லாமே 'சோயூஸ்பெச்சாத்' என்ற அரசு அமைப்பின் கையில். அமெரிக்கத் தூதரகம் பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கடைக்கு எத்தனை, முன்னால் தொங்குமா, பெஞ்சுக்கு அடியில் கிடக்குமா, யாருக்குச் சந்தா கிடைக்கும் என்பதெல்லாம் மாஸ்கோ முடிவுசெய்வது. 1950-ஐ ஒட்டி ரிட்டர்ன் மளமளவென்று ஏறியது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, வாங்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். கடையில் வைத்தால்தானே வாங்குவார்கள் என்றது தூதரகம். கடைசியில் 1952 ஜூலையில் அமெரிக்கா பத்திரிகையை நிறுத்தியது. கையோடு, வாஷிங்டனில் சோவியத் தூதரகம் வெளியிட்டுவந்த செய்தி ஏட்டையும் மூடச் சொல்லிவிட்டது.

நீ மூடினால் நானும் மூடுவேன். இந்தப் பரஸ்பரம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. திறக்கும்போதும் இதே கணக்குதான்.

ஸ்டாலின் 1953-ல் இறந்தார். 1955 கோடையில் ஜெனிவாவில் தலைவர்கள் சந்தித்து ஓரளவு சிரித்துப் பேசினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தம் ஆனது. தலைக்கு 50,000 பிரதிகள். 1956 அக்டோபரில் 'அமேரிகா' மறுபடி மாஸ்கோவிலும், 'யூஎஸ்எஸ்ஆர்' என்ற புதுப் பத்திரிகை அமெரிக்க நகரங்களிலும் வெளிவந்தன. பின்னதுதான் 1965-ல் 'சோவியத் லைஃப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டும் வெளிவந்த அடுத்த மாதமே, 1956 நவம்பர் 4-ம் தேதி, சோவியத் டாங்குகள் புடாபெஸ்ட்டுக்குள் புகுந்து ஹங்கேரி எழுச்சியை நசுக்கின. உலகமே கொதித்தது. ஆனாலும் இந்த ஏற்பாடு முறியவில்லை. அதன்பின் கியூபா ஏவுகணை நெருக்கடி, வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று எத்தனையோ வந்துபோயின. இரண்டு பத்திரிகைகளும் வந்துகொண்டே இருந்தன.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். அமெரிக்க அரசின் வானொலி 1947 முதலே ரஷ்ய மொழியில் ஒலிபரப்பியது. மாஸ்கோ அடுத்த வருஷமே இரைச்சல் போட்டு அதை அடைக்க ஆரம்பித்தது. வானொலியை அடைத்தவர்கள் பத்திரிகையை ஏன் உள்ளே விட்டார்கள்? வானொலி எல்லையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, கூரைமேல் குதித்து இறங்குகிறது. பத்திரிகை வாசலில் நின்று அனுமதி கேட்டு வருகிறது. எத்தனை வருகிறது என்று எண்ணலாம், படித்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கடையில் ஒளித்து வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை உள்ளே விட்டால் பதிலுக்கு நம்முடையது அங்கே போகும்.

ஆனால் எண்ணிக்கை சமமாக இருந்ததே தவிர, அந்த எண்ணிக்கையின் எடை சமமில்லை. என் கணிப்பில் இந்த விஷயத்தில் மிகச் சுவாரசியமான இடம் இதுதான். வெளிநாட்டுப் பத்திரிகை வேறெதுவும் லேசில் கிடைக்காத ஊரில் 50,000 'அமேரிகா' என்பது பாலைவனத்தில் ஒரு குடம் தண்ணீர். ஒரு பிரதி பல கை மாறியது. போட்ட விலைக்குமேல் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. அமெரிக்கக் கடையிலோ நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் வண்ண வண்ணமாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே டிராக்டர் தொழிற்சாலைப் படத்தோடு ஒரு சோவியத் பத்திரிகையை யார் தேடி வாங்குவார்கள்? ஆற்றங்கரையில் தண்ணீர் விற்ற மாதிரி. அங்கே யாரும் தடுக்கவில்லை, ஆனால் விற்கவும் இல்லை.

இது மாஸ்கோவுக்குக் கௌரவப் பிரச்சினை. எங்களுடையது அங்கே திரும்பி வருகிறது, உங்களுடையது மட்டும் இங்கே தீர்ந்துபோவதா? எனவே 'அமேரிகா'வின் ரிட்டர்னும் அவ்வப்போது சொல்லிவைத்தாற்போல் ஏறும். உறவு நன்றாக இருந்தால் விற்பனை நன்றாக இருக்கும். உறவு கெட்டால் ரஷ்யர்களுக்குத் திடீரென்று படிக்கும் ஆர்வம் போய்விடும். தூதரகத்துக்காரர்களுக்கு அந்த ரிட்டர்ன் கட்டுகளே இரு நாட்டு உறவின் காய்ச்சல் மானி.

சரி, உள்ளே என்னதான் இருந்தது? 'அமேரிகா'வைப் புரட்டினால் வீடு, கார், பண்ணை, பல்கலைக்கழகம், ஜாஸ் இசைக்கலைஞர், விண்வெளிப் பயணம். 'சோவியத் லைஃப்'பைப் புரட்டினால் பாலே, சைபீரியா, ககாரின், மத்திய ஆசியாவின் பருத்தி வயல், கூட்டுப்பண்ணைத் திருமணம். அடுத்த நாட்டைத் திட்டும் கட்டுரையை இரண்டிலும் தேடினால் கிடைப்பது அரிது. விருந்தாளியாகப் போன வீட்டில் குறை சொன்னால் அடுத்த மாதம் கதவு திறக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கூடம் பளபளக்கும், சோபாவுக்குப் புது உறை வரும், உடைந்த நாற்காலி கொல்லைப்புறம் போகும். யாரும் பொய் சொல்லவில்லை. எதைக் காட்டுவது, எதை உள்ளே தள்ளுவது என்று மட்டும் முடிவு செய்கிறார்கள். இந்தப் பத்திரிகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். வந்தவர்கள் மட்டும் சும்மாவா இருக்கிறார்கள்? பஜ்ஜியைப் பார்க்காமல் சுவர் விரிசலைப் பார்ப்பார்கள். வாசகனும் அதே ஜாதி. கட்டுரை ஒரு விஞ்ஞானியைப் பற்றி இருக்கும்; மாஸ்கோ வாசகன் பார்ப்பது அவருக்குப் பின்னால் நிற்கும் குளிர்பதனப் பெட்டியை.

இது மாஸ்கோவுக்கும் புரியாமல் இல்லை. 1959-ல் அங்கே சொக்கோல்னிக்கி பூங்காவில் அமெரிக்கா ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் ஒரு மாதிரிச் சமையலறைக்கு முன்னால் நின்று வாக்குவாதம் செய்தார்களே, அதே கண்காட்சி. சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் வீடு என்று ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். சோவியத் செய்தி நிறுவனமான தாஸ் இதை எப்படிக் கிண்டல் செய்தது தெரியுமா? இது அமெரிக்கத் தொழிலாளியின் வீடு என்றால், பம்பாய் ஜவுளித் தொழிலாளியின் வீடு என்று தாஜ்மகாலைக் காட்டலாம் என்றது. நியாயமான கிண்டல்தான். ஆனாலும் மக்கள் வரிசையில் நின்று அந்த வீட்டைப் பார்த்தார்கள்.

கூடத்தை அலங்கரிப்பது சில நேரம் எல்லை மீறும். 1930-களில் 'கட்டுமானத்தில் சோவியத் யூனியன்' என்றொரு பத்திரிகை ரஷ்யன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் வந்தது. ரோத்சென்கோ, லிசிட்ஸ்கி போன்ற பெரிய கலைஞர்கள் வடிவமைத்தது. பக்க வடிவமைப்பு படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள். 1933-ல் அதன் ஓர் இதழ் முழுக்க வெண்கடல் கால்வாய் பற்றியது. அபாரமான படங்கள். அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் கைதிகள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கைதிகளை மறைக்கக்கூட இல்லை. உழைப்பால் திருந்தி நல்லவர்களாகிறார்கள் என்று பெருமையாகவே காட்டினார்கள். இதைப் பார்க்கும்போது, எதைக் காட்டினார்கள் என்பதைவிட எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் பயமுறுத்துகிறது.

'சோவியத் லைஃப்'புக்கு வாய்த்தது இன்னொரு வகைச் சோதனை. 1986 பிப்ரவரி இதழில் உக்ரைனின் அணுமின் நிலையம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை போட்டார்கள். எவ்வளவு பாதுகாப்பானது, பக்கத்து ஊரில் வாழ்க்கை எவ்வளவு அமைதியானது என்று. உலை உருகுவதற்கான வாய்ப்பு 10,000 ஆண்டுகளுக்கு ஒரு தடவை என்று உக்ரைனின் மின்துறை அமைச்சர் விட்டாலி ஸ்க்லியாரோவ் அதில் சொல்லியிருந்தார். நிலையத்தின் பெயர் செர்னோபில். ஏப்ரல் 26 அதிகாலை அது வெடித்தது. ரேடியோவில் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். அச்சில் ஏறி அமெரிக்க நூலகங்களில் போய் உட்கார்ந்துவிட்டதால், அந்த வருஷம் முழுக்க அமெரிக்கப் பத்திரிகைகள் அந்த வரியை எடுத்து எடுத்துப் போட்டன.

அமெரிக்கப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை இருந்தது. 'அமேரிகா'வுக்கு வரி கட்டிய அமெரிக்கக் குடிமகன் அதைத் தன் ஊரில் வாங்க முடியாது. வெளிநாட்டாருக்காக அரசு தயாரிக்கும் பிரசாரத்தை உள்நாட்டில் விநியோகிக்கக் கூடாது என்ற கொள்கை 1948-ல் வந்த ஸ்மித்-முண்ட் சட்டத்தையும் அதன் பிந்தைய திருத்தங்களையும் ஒட்டி வளர்ந்தது. தன் மக்கள்மேல் அரசே பிரசாரம் செய்துவிடக் கூடாது என்ற பயம். நல்ல பயம்தான். ஆனால் மாஸ்கோக்காரன் காசு கொடுத்து வாங்கும் அமெரிக்கப் பத்திரிகை சிகாகோக்காரனுக்குக் கிடைக்காது என்ற நிலைமை வந்தது.

இந்தப் போட்டி இரண்டு நாடுகளோடு முடியவில்லை. இருவரும் மூன்றாவது வீடுகளிலும் கடை விரித்தார்கள், அதில் நம் வீடும் ஒன்று. சோவியத் தூதரகத்தின் 'சோவியத் லேண்ட்' பல இந்திய மொழிகளில் வந்தது; தமிழில் அதுதான் 'சோவியத் நாடு'. தொ.மு.சி. ரகுநாதன், தி.க.சி. போன்ற எழுத்தாளர்கள் அதன் சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். அமெரிக்கத் தரப்பில் 'அமெரிக்கன் ரிப்போர்ட்டர்' இருந்தது, 1960 முதல் 'ஸ்பேன்' வந்தது. இங்கே பரஸ்பரக் கணக்கு எதுவும் கிடையாது. தடுப்பாரும் இல்லை, எண்ணுவாரும் இல்லை, சந்தாவும் மலிவு. எழுபது எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால் 'சோவியத் நாடு' என்றதும் கட்டுரை எதுவும் ஞாபகம் வராது. நோட்டுக்கு அட்டை போட்டதுதான் ஞாபகம் வரும். பிரவுன் தாளைவிட அழகு, மழையில் நனைந்தாலும் சட்டென்று கிழியாது. கணக்கு நோட்டின்மேல் கிரெம்ளின் கோபுரம், வரலாற்று நோட்டின்மேல் கோதுமை அறுவடை. வாசகனை அடைவது என்றால் இப்படியும் அடையலாம் என்று மாஸ்கோவில் யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் பலன் தந்ததா என்று எடை போடுவது கஷ்டம். ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு யாரும் மறுநாள் கட்சி மாறுவதில்லை. ஆனால் பரஸ்பரம் என்ற எலும்பு இல்லாமல் வெறும் பத்திரிகை மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இராக் படையெடுப்பு நடந்த 2003-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அரபு இளைஞர்களுக்காக 'ஹை' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. பாட்டு, படிப்பு, விளையாட்டு, வாழ்க்கைமுறை. அரசியல் பக்கமே போகவில்லை. மாஸ்கோவில் வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் பஞ்சம் இருந்தது. அரபு நாடுகளிலோ அதற்குள் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அமெரிக்க வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பத்திரிகை தேவையில்லை. அவர்கள் பேச நினைத்தது அமெரிக்காவின் போரைப் பற்றி, பத்திரிகை பேசியது வேறு எதையோ. 2005 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

குளிர்யுத்த ஜோடியில் முதலில் போனது 'சோவியத் லைஃப்'. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனபோது அதன் கடைசி இதழும் வந்தது. கட்டிப்போட்ட கயிற்றின் ஒரு முனை அறுந்த பிறகும் 'அமேரிகா' 1994 வரை ஓடியது. அதற்குள் மாஸ்கோக் கடைகளில் ஜெர்மன், பிரெஞ்சு, அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் பளபளவென்று தொங்க ஆரம்பித்துவிட்டன. இப்போது மாஸ்கோவும் ஆற்றங்கரை. அமெரிக்க அரசுக்கும் அந்தச் செலவை நியாயப்படுத்தக் காரணம் கிடைக்கவில்லை.

'சோவியத் லைஃப்' மட்டும் 1993-ல் 'ரஷ்யன் லைஃப்' என்ற பெயரில் எழுந்து வந்தது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த ஒரு சின்னத் தனியார் நிறுவனம் அதை வாங்கியது. எந்த அரசின் காசும் இல்லை, எதிர்ப் பக்கத்தில் ஜோடிப் பத்திரிகையும் இல்லை. ரஷ்யாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் அமெரிக்கர்களின் சந்தாவில்தான் அது நடக்க வேண்டியிருந்தது. விற்காமல் ரிட்டர்ன் வந்தால், தகராறு பண்ண எதிரே யாரும் இல்லை.